கும்பி நடந்த தூரம்

பாலைவனத்துக்கு ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்று கதிரவேலு சொன்னபோது இணுவிலில் அவன் வீட்டார் அரபு நாடென்றே நினைத்துவிட்டார்கள். அவன் போனதோ பருத்தித்துறையில் மினிபஸ் மாறி, அம்பனுக்குக் கொஞ்சம் அப்பால்.

கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளை மணல். ஒரு காலத்தில் கண்ணாடி செய்வதற்கென்று லொறி லொறியாக மணல் தோண்டிய ஊர். சண்டை தொடங்க லொறிகள் நின்றன. மணல் மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொரு சோளகக் காற்றுக்கும் குன்று குன்றாகக் குவிந்த மணல் கும்பிகள் தங்கள் பாட்டில் இடம் மாறிக்கொண்டிருந்தன. அவை எவ்வளவு தூரம் நகர்கின்றன என்று அளப்பதுதான் கதிரவேலுவின் ஆராய்ச்சி. இதற்கும் கம்பஸில் பட்டம் கொடுப்பார்களாம்!

அவன் வந்ததில் அந்த ஊரில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் இன்னாசித்தம்பி.

எண்பத்து நாலில் லொறி முதலாளி முத்துக்குமாரு வீட்டு நகைகளைப் பித்தளைப் பெட்டியோடு தூக்கியவன் இவன்தான். பெட்டியைப் பெரிய கும்பியின் அடியில் புதைத்துவிட்டு, பொலிசுக்குப் பயந்து வள்ளமேறி ராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தான். நாலு வருடம் அகதி முகாமில் கஞ்சி குடித்துவிட்டுத் திரும்பி வந்தால், முதலாளி கனடாவில். அது நல்லது. ஆனால் கும்பியும் இருந்த இடத்தில் இல்லை.

அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினான். தொலைந்ததைத் தேடித் தருகிற புனிதர். களவெடுத்துத் தொலைத்ததையும் தேடித் தருவாரா என்று சுவாமியாரிடம் கேட்கவா முடியும்? மகள் யசிந்தாவின் கலியாண ஓலையைக் கோயிலில் இரண்டு தரம் வாசித்தாயிற்று; மூன்றாம் தரமும் வாசித்தால் கலியாணம்தான். மாப்பிள்ளை வீட்டார் குருநகர்க்காரர். பெண் வெறுங்கழுத்தோடு போனால் கலியாணம் நின்றுவிடும். பாவம், அவனுக்கு நித்திரையே இல்லை.

இந்த நேரத்தில்தான் கதிரவேலு வந்து இறங்கினான். முதல் நாள் தனியே கும்பியைச் சுற்றி வந்து மண் எடுத்தான். மறுநாள் காலை இன்னாசித்தம்பி மெல்ல ஆரம்பித்தான்.

"சேர், உந்தப் பெரிய கும்பி நாலு வருசத்திலை எவ்வளவு தூரம் போயிருக்கும்?"

கதிரவேலு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தான். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் மூன்று பேனை. பார்த்தாலே சூதுவாது தெரியாத பிள்ளை.

"ஒரு நூற்றைம்பது அடி சொல்லலாம் அண்ணை. ஏன் கேக்கிறியள்?"

"சும்மா, அறிஞ்சு வைப்பமெண்டு. அது சரி, மண் எடுக்கிற குழியெல்லாம் நானே வெட்டித் தாறன். கூலி வேண்டாம்."

வலையை இழுத்தால் மீனும் கூட வருகிறது. கும்பி போனால் அடியில் கிடந்த பெட்டியும் கூடப் போயிருக்கத்தானே வேண்டும்? கும்பி இப்போது நிற்கிற இடத்தின் அடியை இன்னாசித்தம்பி வெட்டத் தொடங்கினான். நெருப்பு வெயில். வெட்ட வெட்ட மணல் சரிந்து மூடியது.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி லூர்த்தம்மா வாயைப் பிளந்தாள். "வீட்டு வேலியை அடைக்கச் சொன்னால் இடுப்பு நோகுது எண்டிறியள். உவருக்குக் குழி வெட்ட மட்டும் நோகேல்லையோ?"

"படிக்கிற பிள்ளைக்கு உதவிறது புண்ணியமடி!"

மூன்று நாள் வெட்டினான். கதிரவேலுவும் சளைக்காமல் இடம் காட்டினான். "இன்னும் கொஞ்சம் கிழக்காலை வெட்டிப் பாப்பம் அண்ணை... இன்னும் கொஞ்சம் ஆழமாய்..." கடைசிக் குழியில் இன்னாசித்தம்பி தலையில் கையை வைத்துக்கொண்டு குந்திவிட்டான். கண்ணெல்லாம் தண்ணீர்.

"உள்ளுக்கை ஒண்டுமே இல்லையே சேர்!"

"மண் இருக்குத்தானே அண்ணை. எனக்கு அது காணும்."

புறப்படும்போது மண் பைகளை இன்னாசித்தம்பியே தலையில் சுமந்து வந்தான். "இதென்ன சேர், உந்த ஒரு பை மட்டும் இந்தப் பாரம்?"

"முதல் நாள் எடுத்த மண். ஈரமாக்கும்."

"வாற வருசமும் வாங்கோ சேர். குழி நான் வெட்டுறன்."

மினிபஸ் கிளம்பியது. மற்றப் பைகளைக் கூரையில் போட விட்ட கதிரவேலு, அந்தப் பையை மட்டும் மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான்.

வந்த அன்றைக்கே, கும்பி விலகிப்போன வெறுந்தரையில் ஒரு பித்தளைப் பெட்டி அவன் காலில் தடக்க, ஆராய்ச்சியின் முதல் முடிவு கிடைத்துவிட்டது: காற்றுக்கு மணல்தான் நடக்கும், பெட்டி நடக்காது.