ஒலியை அணைத்த பிறகு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாந்தோ தொமிங்கோவின் தெருமுனைக் கடை வாசலில், பாதாம் மர நிழலில் டோமினோ ஆட்டம் சூடேறிக் கிடக்கிறது. “என் பக்கம் சுவத்தத் தள்ளிக் கட்டினவன்தானே நீ, ஆட்டத்துலயும் திருட்டுப் புத்தியா?” என்று யுடெல்காவின் அப்பா எலிஹியோ கத்துகிறார். “உன் மூஞ்சிக்கு டோமினோ ஒரு கேடா?” என்று அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் பக்கத்து வீட்டு பெர்சியோ எகிறுகிறார். கடைக்கு எதிரே, எலிஹியோவின் வீட்டு மாடிச் சமையலறையிலிருந்து யுடெல்காவின் அம்மாவின் குரல் வருகிறது: “போய் உங்கப்பாவ இழுத்துட்டு வாடி! இன்னிக்கு யார் மண்டையாவது உடையப் போவுது. இந்த ஆட்டமே இனி வேணாம்.” மாடி வராந்தாவிலிருந்து ஆட்டத்தைப் பார்த்து நிற்கும் யுடெல்கா அசையவில்லை. சினிமாப் பட்டறையில் படத்தொகுப்பு படிக்கிறவள் அவள். காட்சி பிடிபடாவிட்டால் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பார்கள் அங்கே. மனிதர்களையும் இப்போது அப்படித்தான் பார்க்கிறாள். எதிலும் செருகாத பெரிய ஹெட்போனைக் காதுகளில் அழுத்திக்கொள்கிறாள். தெரு ஊமையாகிறது. அப்பாவின் வாய் திறந்து மூடுகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, டோமினோ கட்டையைப் பிடித்த வலக்கை தலைக்கு மேலே போகிறது. அது இறங்குவதற்குள் இடக்கை தானாக நகர்ந்து, மேசை விளிம்பிலிருக்கும் பெர்சியோவின் காபிக் கோப்பையைப் பிடித்துக்கொள்கிறது. வலக்கை கட்டையை ஓங்கி அறைகிறது, மேசை குலுங்குகிறது. அப்பாவின் இடக்கையிலிருந்தே பெர்சியோ கோப்பையை வாங்கி ஒரு மிடறு குடித்து, பழைய விளிம்பிலேயே வைத்துவிட்டு, மறுபடி திட்ட வாயைத் திறக்கிறார். அம்மா ஓடிவந்து தோளை உலுக்க, யுடெல்கா ஒரு காதை மட்டும் விடுவிக்கிறாள். “என்னடி, அடிச்சுக்கிட்டாங்களா?” “நீ உள்ள போம்மா. காபி இன்னும் ஒரு சொட்டுகூடச் சிந்தல.”