மங்கின ஹெட்லைட்

"மாப்பிள்ளை நம்ம காருக்கு அடி போடறார். இல்லாட்டி, தனியா வந்ததும் வராததுமா எதுக்கு ஹெட்லைட்டைத் தேய்க்கணும்?" ஜன்னலோரம் மாமியார் கிசுகிசுத்தாள்.

"சும்மா இரு" என்றார் மாமனார். ஆனாலும் அவரும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

வெளியே மருமகன், மஞ்சளாய் மங்கிக் கிடந்த ஹெட்லைட்டை உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, மறுபடி மங்காமலிருக்க மேலே பூச்சும் பூசினான்.

பொறுக்கமாட்டாமல் மாமியார் கேட்டேவிட்டாள். "காரை எடுத்துட்டுப் போற யோசனையா மாப்பிள்ளை?"

"ஐயோ, கார் இங்கேதான் நிக்கணும் அத்தை! பிரசவத்துக்கு உங்க பொண்ணு இங்கே வந்திடுவா. ராத்திரியில வலி எடுத்தா மாமாதானே ஓட்டணும்? பழைய வெளிச்சத்துல ரோட்டுல மாடு நின்னாக்கூடத் தெரியாதே!"

"பிரசவமா?"

மருமகன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"நேத்தே போன் பண்ணிச் சொல்றேன்னாளே அத்தை… இன்னும் சொல்லலையா?"