தண்ணீர்ப் பக்கம்

மார்கழிப் பனி விலகியும் விலகாத தை மாத முதல் வாரம். திருவிழாவுக்காக வண்டியூர்த் தெப்பக்குளம் கரைமுட்ட நிறைந்திருக்க, நிலைகொள்ளாத வாடைக்காற்று நீரை அலைத்துக்கொண்டே இருந்தது. மைய மண்டபத்தின் நிழல் ஒரு கணமும் ஒன்றுகூடவில்லை.

குளக்கரையில் நடந்த வெள்ளைத்துரையை விட்டு அகலாமல் உடன் நடந்தான் காசிமாயன். கையில் இருவருக்கும் சோறு கட்டிய தூக்குச்சட்டி. வேலை பார்த்த ஆலை பூட்டி மூன்று மாதமாகியும் வீட்டில் அவன் மூச்சு விடவில்லை. இதே சட்டியோடு நாள்தோறும் வேலைக்குப் போவதுபோல் புறப்பட்டுக்கொண்டிருந்தான்.

நான்கு நாள்களுக்கு முன் தாய் ராக்கம்மாள் சொல்லியிருந்தாள்: "எங்கண்ணன் மகன் வெள்ளைத்துரைக்குப் பரிசம் முறிஞ்சுபோச்சுடா. எதையாச்சும் செஞ்சுக்கிருவான் போல இருக்கு. லீவு போட்டுட்டு அவன் கூடவே இரு. நீ ஆம்பளப் புள்ள, பாத்துக்கிருவ."

"இந்தப் பக்கமா வா, மாப்ள!" காசிமாயன் தோளைப் பற்றி இழுத்தான். எத்தனை முறை இழுத்தாலும் வெள்ளைத்துரை மறுபடி தண்ணீர்ப் பக்கமாகவே வந்து நடந்தான்.

"ஒரு பொண்ணு வேணாம்னதுக்கா இம்புட்டும்? மீசையச் சிரைச்சுட்டுப் போடா!"

"ஊரு முகத்துல முழிக்க முடியாத ஆம்பள, இருந்து என்ன செய்ய?"

காசிமாயன் தூக்குச்சட்டியைக் கை மாற்றிக்கொண்டான். "பெத்தவளுக்காச்சும் இருக்கணும்டா."

"சூடம் அணைச்சுச் சொல்லுவியா?"

"நான் அணைச்சா நீயும் அணைக்கணும்."

"மொதல்ல நீ."

குளக்கரை மாரியம்மன் சந்நிதி முன் சூடம் எரிந்தது. "என்ன வந்தாலும் எம் உசுர நானா போக்கிக்கிற மாட்டேன். ஆத்தா மேல சத்தியம்." சொல்லி முடித்தான் காசிமாயன். உள்ளங்கையால் சுடரை அணைத்தான்.

"இப்ப நீ, மாப்ள."

வெள்ளைத்துரை வேறு சூடம் ஏற்றவில்லை. அம்மனை நோக்கிக் கண்மூடிக் கைகூப்பினான். பிறகு குங்குமம் எடுத்துக் காசிமாயனின் நெற்றியில் இட்டான்.

"எம் பரிசம் முறியவே இல்ல. ஆலை பூட்டுனது, நீ இந்தக் கரையில தனியா வந்து நின்னது, எல்லாம் அத்தைக்குத் தெரியும். காவல் போட்டது உனக்குத்தான், மாப்ள. நூறு வருசம் இரு."