பின்கண்ணாடி

"முன்னால போனா ரெண்டு கண்ணு. பின்னால வந்தா ஒரு கண்ணும் இல்ல. அது என்னா, சொல்லுங்க பார்க்கலாம்?"

ஏழு வயது கலைமதி கேட்டதும் செல்வகுமார் தலையைச் சொறிந்தான். விழுப்புரம் பைபாஸில் பழைய கார் விற்கும் கடை ஒன்றில் அவன் சேல்ஸ்மேன்.

"நண்டா பாப்பா?"

"நண்டு பக்கவாட்டுல போவும் அங்கிள். இது கார்!"

சிரித்துவிட்டு அவளுடைய அம்மாவிடம் திரும்பினான். பிரபாவதி திண்டிவனத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். கற்றுக்கொள்ள வரும் இளவட்டங்களுக்கு ஏற்ற சின்ன கார் ஒன்று வேண்டும் என்று வந்திருந்தாள்.

"இதப் பாருங்க மேடம். பெட்டியாட்டம்தான் இருக்கும். ஆனா பசங்க இதுக்குத்தான் அலையறாங்க. இஷ்டத்துக்கு மாத்திக்கலாம். கூரை ஒரு கலரு, கதவு ஒரு கலரு. பின்சீட்ட மடிச்சா படுத்தே தூங்கலாம். முன்ன வச்சிருந்த பையன் பெரிய ஸ்பீக்கரே மாட்டியிருக்கான். பாப்பா, உள்ள ஏறிப் பாட்டுக் கேக்குறியா?"

கலைமதி இரண்டு எட்டு பின்னால் நகர்ந்தாள்.

"நான் கார்ல ஏறமாட்டேன். நாங்க பஸ்லதான் வந்தோம். பஸ்லதான் போவோம்."

பிரபாவதி காரைச் சுற்றி வந்தாள். பின்கண்ணாடி முழுக்கக் கறுப்புத் தாள். அதன்மேல் சிவப்பு எழுத்தில், 'கண்டாச்சிபுரம் சிங்கக்குட்டிங்க'.

சாவியை வாங்கிக்கொண்டாள். குனிந்து மகளின் காதில் ஏதோ சொன்னாள். கலைமதி ஓடிப்போய்க் காருக்கு நேர் பின்னால் நின்றாள். பிரபாவதி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

"மேடம்! பாப்பா பின்னாடி நிக்குது!" செல்வகுமார் அலறினான்.

"தெரியும்."

தன் காரை விற்க வந்து, ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்த பச்சைமுத்து, டம்ளரைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"ஏம்மா, அறிவு இருக்கா உனக்கு? பெத்த புள்ளைய வண்டி பின்னாடி நிக்க வச்சிட்டு ஸ்டியரிங்க புடிச்சிக்கினு குந்தியிருக்கியே! நீயெல்லாம் ஒரு தாயா?"

"கத்தாதீங்க சார். வண்டி எப்படி நகரும்? சாவி அவ கையில இருக்கு."

பின்னாலிருந்து கலைமதி சாவியைக் குலுக்கிக் காட்டினாள். பிறகு இன்னொரு கையைத் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டு கத்தினாள்.

"எத்தினி விரலு?"

பிரபாவதி திரும்பிப் பார்த்தாள்.

"தெரியல. சிங்கக்குட்டிங்கதான் தெரியறாங்க."

"கேமரா மாட்டிக்கலாம் மேடம்," என்றான் செல்வகுமார்.

"பழகுற பசங்க முதல்ல கழுத்தத் திருப்பிப் பார்க்கப் பழகணும். அப்புறம் கேமரா."

"அப்ப அந்த வெள்ளைக் காரப் பாருங்க. நீளமா, அம்சமா இருக்கும். வந்து நின்னா ஒரு மரியாத."

வெள்ளைக் காருக்கும் அதே சோதனை. டிக்கி உயரமாக எழும்பி நின்றது. பிள்ளையின் உச்சி வகிடுகூடத் தெரியவில்லை.

பிரபாவதி பெட்டிக் காரிடம் திரும்பி வந்தாள். நகத்தால் கறுப்புத் தாளின் முனையைக் கிளப்பினாள். சர்ரென்று இழுத்தாள்.

"ஐயோ, மேடம்! அந்த ஸ்டிக்கருக்காகவே வாங்க வருவாங்க! ஓனரு என்னைத் திட்டுவாரு!"

"திட்டுனா என் பேரச் சொல்லுங்க."

சிங்கக்குட்டிகள் சுருண்டு தரையில் விழுந்தார்கள். பெரிய கண்ணாடி பளிச்சென்று ஆனது. பிரபாவதி மறுபடி ஏறி உட்கார்ந்தாள்.

"மூணு! இப்ப ஒண்ணு! ஏய், நாக்க நீட்டாத!"

கலைமதி சிரித்துக்கொண்டே குதித்தாள். பாவாடை விலகியது. முழங்காலுக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு. பச்சைமுத்து அதைப் பார்த்துவிட்டார்.

"இது என்னா காயம் கண்ணு?"

"ரிவர்ஸ் வந்த கார் இடிச்சிடுச்சு தாத்தா."

"எட்டு மாசம் ஆவுது," என்றாள் பிரபாவதி, இறங்கி வந்தபடி. "அன்னையிலேர்ந்து எந்தக் கார்லயும் ஏறல."

பச்சைமுத்துவுக்கு முகம் சிவந்தது.

"உன்கிட்ட பழக வந்த பையன் எவனாச்சும்தான் இருப்பான். இந்தக் காலத்துப் பசங்களுக்கு எங்க கண்ணு தெரியுது? அவன சும்மாவா வுட்ட? எவம்மா அவன்?"

பிரபாவதி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நான்தான் சார்."

அவர் வாய் திறந்தபடி நின்றது.

"பெத்த புள்ளைய இடிச்சிட்டு… இன்னமும் ஊருக்குக் கார் ஓட்டக் கத்துக் குடுக்குறியா நீ?"

"குடுப்பேன். பன்னெண்டு பசங்க எனக்காகக் காத்துக்கினு இருக்காங்க. பின்னாடி பார்க்காம வண்டிய எடுத்தா என்ன ஆவும்னு என்னைவிட நல்லா யாரு சொல்லித் தருவாங்க?"

பிரபாவதி செல்வகுமாரிடம் திரும்பினாள்.

"இந்தப் பெட்டிக் காரே போதும். ஸ்பீக்கரக் கழட்டிடுங்க. சொல்லித் தர்றப்ப நான் குந்துற பக்கத்து சீட்டுல, என் கால்கிட்ட இன்னொரு பிரேக் வைக்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

"திண்டிவனம் வரைக்கும் ஓட்டிப் பாருங்க மேடம். நானும் கூட வர்றேன்."

பிரபாவதி மகளின் முன்னால் மண்டியிட்டாள். அதுவரை உறுதியாக இருந்த குரல் இப்போது கொஞ்சம் தடுமாறியது.

"கலை, நீ பஸ்ல போவணும்னா அம்மாவும் பஸ்லயே வர்றேன். அங்கிள் கார எடுத்துக்கினு வரட்டும். நீயே சொல்லு."

கலைமதி பின்சீட்டில் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.