டேலியாவுக்கு ஊன்றிய குச்சி

2019 ஜூன் 3 அன்று ஓசூரில், ஒரு மொட்டைமாடித் தொட்டியில் டேலியா கிழங்கு நடப்பட்டது. நட்ட தாமோதரன் இதற்குமுன் கீரைகூட வளர்த்ததில்லை. பூக்கும்போது செடி சாயாமலிருக்க, பச்சை முருங்கைக் குச்சி ஒன்றையும் பக்கத்திலேயே ஊன்றினார். இரண்டு வாரம் மண்ணில் ஒன்றும் தெரியவில்லை. கிழங்கு அழுகிவிட்டதோ என்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு ஒரு காலையில், "கிரிஜா, ஓடி வா! இலை!" என்று கத்தினார். மனைவி வந்து பார்த்தாள். "அடியில துளிர்த்தது உங்க குச்சி. சாம்பாருக்கு ஆச்சு, பூவுக்கு என்ன பண்ணுவீங்க?" அவர் குச்சியைப் பிடுங்கினார். பெயர்ந்த மண்ணோடு கிழங்கும் வெளியே வந்தது. அதன் கழுத்தில் அரிசி அளவுக்கு ஒரு சிவந்த முளை. "ஐயோ, மூடுங்க, மூடுங்க!" இப்போது கத்தியது கிரிஜா. நான்கு கைகளும் மண்ணை அள்ளின. குச்சிக்கு அடுத்த தொட்டி கிடைத்தது.