காந்தத்தில் ஒட்டியது

புருஷனைக் கொண்டுவரும் லாரி என்றுதான் லினெட் அதை மனத்துக்குள் சொல்லிக்கொள்வாள். டிங்கோ மேட்டிலிருந்து வரும் கரிந்த சுமை அது. அந்த லாரி ஆலைக்குள் நுழைந்தாலே மற்ற வேலையாட்கள் சரக்கு நகரும் பெல்ட்டை விட்டு மெல்ல விலகிவிடுவார்கள்.

"இன்னையோட முடிஞ்சுது லின்!" ஃபோர்மன் டார்சி இரைச்சலுக்கு மேலே கத்தினான். "டிங்கோ மேட்டுலேருந்து இதான் கடைசி லாரி. நாளையிலேருந்து வெறும் வைக்கோலும் மரத்தூளும்தான். காந்தத்தையே கட்டிக்கிட்டவ மாதிரி நிக்கிறியே, இனிமே என்ன பண்ணுவே?"

"உன்னைக் கட்டிக்கிட்டவளுக்கு நான் தேவலை, போ."

டார்சி சிரிக்க வாயெடுத்தான். யாரிடம் எதைச் சொன்னோம் என்று உறைத்திருக்க வேண்டும். தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு தலையைக் குனிந்தான்.

விக்டோரியா மாநிலத்தின் கிழக்குக் காடுகள் பற்றியெரிந்து இரண்டு வருடம் ஆகிறது. லினெட்டின் கணவன் வார்விக்கின் வண்டி டிங்கோ மேட்டுச் சாலையில் வெறும் கூடாக நின்றது. அலுமினியச் சக்கரங்கள் உருகியோடி, தரையில் கஞ்சி போல உறைந்திருந்தன. ஓர் எலும்புகூடக் கிடைக்கவில்லை. அந்தச் சூட்டில் எதுவும் மிஞ்சாது என்று சொல்லி, தேடியவர்கள் திரும்பிப் போனார்கள்.

தீ விட்டுவைத்த கட்டை, பட்டை, வேர் எல்லாம் இப்போது இந்த ஆலைக்கு வருகின்றன. கொதிகலனுக்குள் எரிந்து, தண்ணீரை நீராவியாக்கி, அந்த நீராவி சுழலியைச் சுழற்ற, ஊருக்கு மின்சாரமாகப் போகின்றன. மேட்டுச் சரக்கு எரியும் நாட்களில் கொதிகலன் இருமும். ஈரக் கட்டை வெடிக்கும் சத்தம்தான் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், யாரும் அன்று அதன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

அவன் சாம்பலில் ஒரு சிட்டிகை அந்தப் பட்டையில் ஒட்டியிருந்தால்? வீட்டில் விளக்கைப் போடவே லினெட்டுக்குக் கை கூசியது.

காட்டுச் சரக்கில் கம்பி, ஆணி எல்லாம் கலந்து வரும். அரவை இயந்திரத்தின் பற்களை அவை உடைத்துவிடும். அதனால் பெல்ட்டுக்கு ஒரு சாண் மேலே பெரிய காந்தத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள். மரம் பேசாமல் கீழே போகும். இரும்பு மட்டும் துள்ளியெழுந்து ஒட்டிக்கொள்ளும். அவனுடைய சாவியோ பெல்ட் கொக்கியோ என்றாவது அப்படித் துள்ளும் என்றுதான் அவள் இந்த வேலையைக் கேட்டு வாங்கினாள்.

மாமியார் எனிட் வாசலில், லாரிகளை எடை போடும் இடத்தில் வேலை பார்த்தாள். ஒவ்வொரு லாரியிலும் ஏறி, ஒரு வாளி சரக்கு அள்ளி ஈரம் சோதிப்பாள். கட்டை ஈரமாக இருந்தால் பாதிச் சூடு அந்த ஈரத்தைக் காயவைக்கவே செலவாகிவிடும். இன்றைக்கு அவள் லாரியைவிட்டு இறங்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

பெல்ட் நகர்ந்தது. கரிந்த பட்டை, வேர், மண்கட்டி, மறுபடியும் பட்டை.

டிக்.

லினெட் அவசரக் கயிற்றை இழுத்து பெல்ட்டை நிறுத்தினாள்.

ஒரு மடக்குக் கத்தி. கல்யாணத்தன்று அவள் கொடுத்தது. அதை எடுத்தபோது சிவந்த மரப்பிடி உள்ளங்கையில் வழவழவென்று இருந்தது. அவன் பெயரின் முதலெழுத்து விரலில் தட்டுப்பட்டது. அது இல்லாமல் அவன் வாசல் தாண்ட மாட்டான்.

டார்சி தொப்பியைக் கழற்றினான். "கெடைச்சுட்டான், லின்" என்றான் மெதுவாக.

அவள் கத்தியோடு எனிட்டின் அறைக்கு ஓடினாள். எனிட் எதையும் கேட்கவில்லை. எழுந்து வந்து அவளை இறுக அணைத்துக்கொண்டாள்.

"போதும் கண்ணு. செத்தவனுக்கு ரெண்டு வருஷம் காவல் இருந்தாச்சு. டவுன்ஸ்வில்லுக்குப் போய் உன் தங்கச்சியோட இரு. அங்கேயாவது சிரி."

லினெட் அழுதாள். இந்த இரண்டு வருடத்தில் அதுதான் முதல் அழுகை. அழுதபடியே அவளுடைய கட்டைவிரல் பிடியைத் தடவிக்கொண்டிருந்தது. திடீரென்று விரல் நின்றது. அழுகையும் நின்றது.

"அம்மா."

"சொல்லு."

"சக்கரமே உருகின சூடு. இது மரப்பிடி. ஒரு ஓரம்கூடக் கருகலையே?"

எனிட் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். காலி லாரி வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"நீங்கதான் போட்டீங்க, இல்லையா? வாளியோட ஏறினப்போ."

எனிட் ஆமென்று தலையசைத்தாள்.

லினெட்டுக்குக் கோபம் வரவில்லை. அந்த வயதான கையைப் பிடித்துக்கொண்டாள். பெற்ற மகனுக்குத் தானே கருமாதி செய்து, மருமகளை விடுவிக்கப் பார்த்திருக்கிறாள்.

"தீப்பிடிச்ச அன்னைக்கு மட்டும் வீட்டுலயே மறந்து வச்சுட்டுப் போயிருக்கான் பாருங்க. இத்தனை நாளும் உங்ககிட்டதான் இருந்துச்சா?"

கொதிகலன் ஒருமுறை இருமி அடங்கியது. எனிட் தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"இல்லை கண்ணு. போன மாசம்தான் அவன் தபால்ல அனுப்பினான்."