சுனைக்கு வழி

மலை உச்சியில் வியாபாரம் எடுபடுமா என்று பார்க்க ஒரு கூட்டம் கிளம்பியது. உப்பு மூட்டையோடு முன்னால் போன பொதிமாடு, பாறைமேல் நின்ற வரையாட்டிடம் கேட்டது:

"தண்ணி எங்கண்ணே இருக்கு? நாக்கு வறண்டு போச்சு."

வரையாடு கூட்டிப்போய்ச் சுனையைக் காட்டியது. மூட்டையிலிருந்து சிந்திய உப்பை நக்கிக்கொண்டே, "ஒருவாய்த் தண்ணிதானே, எப்ப வேணாலும் வாங்க" என்றது.

மாடு நடந்த தடத்திலேயே மறுவருஷம் ஆயிரம் மாடுகள் ஏறி வந்தன. சுனையைச் சுற்றி முள்வேலி போட்டார்கள்.

கோடையில் தாகத்தோடு வந்த வரையாடு வேலிக்கு வெளியே நின்றது. உள்ளே அங்கேயே பிறந்த கன்றுக்குட்டி, குடிப்பதை நிறுத்திவிட்டு மரியாதையாகக் கேட்டது:

"நீங்க ஊருக்குப் புதுசா, மாமா?"